சூடாகாத லேப்டாப்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலையும் கும்பிட்டேன், கோபத்தோடுதான் கும்பிட்டேன், ஆனாலும் உனக்காகத்தான். அக்கா வீட்டில் எல்லோரும் சுகம், அவள் பெண்ணுக்கு முன்பல் விழுந்துவிட்டது, போனில் பேசினால் காற்றுதான் வருகிறது.

நீ விட்டுப்போன லேப்டாப் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே கொதித்து அணைந்துபோகுமே, அதை முதலில் சொல்கிறேன். உன் முகம் வருகிற பொருளாயிற்றே என்று சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வெல்வெட் மெத்தை போட்டு அதன்மேல் வைத்திருந்தேன். ரிப்பேர் கடைக்காரர் கேட்டுவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார், அடிப்பக்க ஓட்டை வழியாத்தாம்மா அது மூச்சு விடுது, நீங்க மரியாதை பண்றேன்னு தலையணை வச்சு அமுக்கியிருக்கீங்க என்றார். உள்ளேயிருந்து பஞ்சு பஞ்சாகத் தூசி எடுத்தார். அப்புறம் நானே வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அடியில் வைத்தால் காற்று ஊதிக் குளிரவைக்கிற கூலிங் பேட் வாங்கினேன். முதலில் வாங்கியதில் நடுவில் ஒரே பெரிய விசிறி, நம்முடையதற்கோ ஓட்டை பின்ஓரத்தில், காற்று போய்ச் சேரவே இல்லை, மாற்றிக்கொண்டு வந்தேன். இன்னொன்று விமானம் மாதிரி இரைந்தது, உன் குரல் கேட்காதே என்று அதையும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதாக வந்தது வலைத்தகடு போட்டது, பின்பக்கம் சற்றுத் தூக்கி நிற்கும், சத்தமே இல்லை. நீ பெத்த புள்ளையை விட்டுட்டு இதைத்தான் வளர்க்கிறே என்று அப்பா கேலி செய்தார். பேட் வாங்கியதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், ஒருநாள் நீயே ஆச்சரியப்படுவாய் என்று.

அக்காவோடு அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன், அணையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் எப்போது வருகிறாய் என்று கேட்டேன், நீ திரையிலிருந்து காணாமல் போனாய். கொஞ்ச நேரத்தில் உன் மெசேஜ் வந்தது, மறுபடி உன் லேப்டாப் சூடாகி ஆஃப் ஆயிடுச்சு போலம்மா, அடுத்த வாரம் பேசலாம் என்று. அந்த மெசேஜைப் படித்ததே அதே லேப்டாப்பில்தான். அடியில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. வீட்டுக் கணக்கில் ஒன்று இடித்தால் முழுவதையும் திரும்பப் பார்க்கிறவள் நான், முந்தின வாரங்களையும் நினைத்துப் பார்த்தேன். பேட் வந்த பிறகும் ஊருக்கு வருவதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம்தான் பேச்சு அறுந்திருக்கிறது. மெஷின்தான் என்று நம்பி அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வர முடியாது என்றால் அழுதிருப்பேன், அவ்வளவுதானே. பொய் சொல்ல அம்மாதானா கிடைத்தாள் உனக்கு? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

நீயும் உன்னுடையதைப் போர்வைமேல் வைத்துத்தான் வேலை செய்கிறாய், பார்த்தேன், பலகைமேல் வை, வேளைக்குச் சாப்பிடு. தெய்வம் உன்கூட நிற்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல நம் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். பேசப் பிடிக்கவில்லையென்றால் உன் வாயால் சொல்லிவிட்டு வை. அதன்மேல் பழி போடாதே, அது இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
இன்னும் உனக்காகக் கும்பிடுகிற
அம்மா