விற்றுத் தீர்ந்த வில்லைகள், காக்கை அமர்ந்த படிகள்

நீர் குறையாது நிற்க, நெல் சாயாது நிற்க, கோல் கோணாது நிற்க. கீழைக்கடல் அலை வந்து வணங்கும் மணற்குடி நாட்டின் அரசமாதேவியாரும், மூன்று துறைக்கு உடையவரும், எம் நெடுவேலி வேந்தர் கடம்பவேளுக்கு உடன்பிறந்த மூத்தவருமாகிய கோதைமாதேவியார் திருமுன்பு, நெடுவேலி ஆடுகள அதிகாரி மாசேந்தன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரும், தேவியார் அரண்மனையும், தோணிகளும் நலமே வாழ்க. தேவியாரின் காற்பந்து அணியும் நலமாக இருக்கட்டும். பங்குனி நிறைமதி நாளில் எங்கள் ஊருக்கு வந்து தோற்றுவிட்டுத் திரும்பும் அளவுக்கு நலமாக இருந்தால் போதும்.

நேற்று ஆடுகளத்தில் கூடிய அரசவையில் இருந்தவர்களையும் அவர்கள் இருந்த இடங்களையும் முறைப்படி முதலில் எழுதுகிறேன். வேந்தர், களத்தில் சுண்ணாம்பால் இழுத்த எல்லைக்கோட்டை ஒட்டி, ஒரு சாண் உயர மணையில். பேரமைச்சர் கூத்தரையர், அதன் வலப்பக்கம், புல்தரையில் சம்மணமிட்டு. படைத்தலைவர், உட்கார்ந்தாலும் வேந்தரைவிட நெடியவர் ஆகையால், அவருக்கென்றே வெட்டிய குழிக்குள், மார்பு வரை. வணிகர் தலைவர், மழைநீர் வாய்க்காலுக்குள். நல்லவேளை, வாய்க்கால் வறண்டிருந்தது. அணித்தலைவன் நத்தத்து ஏறன், பந்தை மடியில் வைத்துக்கொண்டு, வெறுந்தரையில். அடியேன், எழுத்தாணியோடு குப்புறப் படுத்து. எங்கள் எல்லாருக்கும் மேலே, பன்னீராயிரம் பேர் அமர்வதற்காகத் தேவியாரின் தந்தையார் எழுப்பிய கற்படிகளில், காக்கைகள்.

இப்படியும் ஓர் அவை உண்டா என்று தேவியார் வியக்கக்கூடும். ஒரு மதிலுக்குள் அரசர் வீற்றிருக்கையில் அவரினும் உயர அமர்கிறவன் தலை இழப்பான் என்பது தேவியார் பிறந்த குடியின் பழைய வழக்கம். உச்சிப்படி மண்டபத்தில் வேந்தர் அமர்ந்திருந்த காலம்வரை அவ்வழக்கத்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. சென்ற ஆவணியில் வேந்தர் மண்டபத்தை விட்டு இறங்கிக் களத்தோரம் மணை போடச் சொன்னார். வீரர்களின் வியர்வை தம்மீது தெறிக்க வேண்டும் என்று காரணமும் அருளினார். உண்மை யாதெனில், வேந்தருக்குத் தொலைப்பார்வை மங்கிவிட்டது. ஆனியில் நடந்த ஆட்டத்தில் களத்துக்குள் ஓடிவந்த வெள்ளாட்டுக் குட்டியைப் பந்தென்று எண்ணி, அது இரு கம்பங்களுக்கு நடுவே புகுந்தபோது எழுந்து நின்று வாழ்த்தினார். பன்னீராயிரம் பேரும் எழுந்து வாழ்த்தினோம். வேறு என்ன செய்வது?

வேந்தர் கீழே இறங்கிய நாளில் மக்கள் வழக்கம்போல் வந்தார்கள். படியைப் பார்த்தார்கள், மணையைப் பார்த்தார்கள், தத்தம் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். முன்னாளில் வேல் முத்திரை பதித்த ஒரு நுழைவு வில்லைக்குக் கிழக்கு வாசலில் சேவலைக் கொடுத்து மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஐப்பசியில் சேவலோடு வில்லை தந்தாலும் வாங்க ஆளில்லை. வேந்தர் மனம் நோகுமே என்று அஞ்சிய பேரமைச்சர், எல்லா வில்லைகளையும் கருவூலத்தைக் கொண்டே வாங்கச் செய்தார். ஆளில்லாத வில்லைகள் கோயில் பசுக்களின் பெயரிலும், பட்டத்து யானைகளின் பெயரிலும் பதிவாயின. அன்றுமுதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வில்லைகள் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. அரண்மனை விற்றது, அரண்மனை வாங்கியது, அரண்மனை மகிழ்ந்தது. ஆரவாரம் குறையாதிருக்க மதிலுக்கு வெளியே பறையறைவோரும் கொம்பூதுவோரும் நிறுத்தப்பட்டார்கள். படிகளில் கருகருவென்று தெரிந்ததை எல்லாம் குடிமக்கள் என்று நம்பி வேந்தர் அவ்வப்போது கையசைத்தருளினார்.

சென்ற ஆட்டத்தில் ஏறன் நடுக்களத்திலிருந்து ஓர் உதை விட்டான். பந்து காற்றில் வளைந்து, காவலனைச் சுற்றிக்கொண்டு கம்பங்களுக்குள் போயிற்று. அப்படி ஓர் உதையை நான் கண்டதில்லை. அந்நேரம் பார்த்துப் பறைக்காரர்கள் மோர்ப்பந்தலுக்குப் போயிருந்தார்கள். களம் முழுதும் ஓசையற்றுக் கிடந்தது. வேந்தரின் முகம் கறுத்தது. பன்னீராயிரம் பேர் அமர்ந்திருந்தும் இப்பேர்ப்பட்ட உதைக்கு ஒருவன்கூட வாய் திறக்கவில்லையே, மக்கள் இவ்வளவு வெறுக்கும் அணியை இனிச் சம்பளம் கொடுத்து வளர்ப்பது முறையன்று, பங்குனி நிறைமதி ஆட்டத்திலும் இதே கதி என்றால் மறுநாளே அணியைக் கலைத்துப் பதினொருவரையும் உப்பளக் காவலுக்கு அனுப்புக, படிக்கற்களைப் பெயர்த்து யானைக்கொட்டில் கட்டுக என்று ஆணையிட்டார்.

அந்த ஆணைக்கு மாற்று காணவே நேற்றைய அவை கூடிற்று. வில்லையின் விலையைக் குறைக்கலாம் என்றார் பேரமைச்சர். விற்றுத் தீர்கிற பண்டத்துக்கு விலை குறைப்பானேன் என்று வேந்தர் வினவ, பேரமைச்சருக்கு இருமல் வந்துவிட்டது. படிதோறும் வீரரை நிறுத்தி மக்களுக்குக் கூவப் பயிற்சி தரலாம் என்று தொடங்கிய படைத்தலைவர், அவர்கள் வேந்தருக்கு மேலே நிற்பார்களே என்பது பாதியில் நினைவுக்கு வர, குழிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார். சுண்டலில் தேங்காய் போதவில்லை என்பது வணிகர் தலைவரின் துணிபு. பொறுக்கமாட்டாத ஏறன், அரசே, எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பது காக்கைகள் மட்டுமே என்று சொல்லியேவிட்டான். பேரமைச்சர் இமைக்கும் நேரத்தில், ஆம் அரசே, முன்னோர்கள் அனைவரும் வந்திருக்கிறார்கள் என்றார். வேந்தர் மனமுருகிப் படிகளை நோக்கிக் கைகூப்பினார்.

அவை கலைந்தபின் ஏறன் என்னை வாசலில் மறித்தான். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், தேவியார் பொறுத்தருள்க: ஓய் அதிகாரி, இந்த ஊர்ல உண்மையச் சொன்னா தல போவுது, சொல்லாட்டி அணி போவுது, ரெண்டுல எது மலிவுன்னு நீரே பார்த்துச் சொல்லும்வே, உமக்குத்தான் வெல போட்டுப் பழக்கம் என்றான். நேரே வீட்டுக்கு வந்து இவ்வோலையைத் தொடங்கினேன்.

இனி அடியேனின் விண்ணப்பம். நிறைமதி ஆட்டத்துக்குத் தேவியார் நேரில் எழுந்தருள வேண்டும். வந்ததும், முழங்கால் வலியால் தரைமணையில் உட்கார இயலாது, அப்பா கட்டிய மண்டபத்தில்தான் அமர்வேன், தம்பியும் உடன் வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் செய்தருள்க. இந்நாட்டில் வேந்தரை வா என்று ஒருமையில் அழைக்கத் தேவியாரைத் தவிர வேறொருவர் இல்லை. அவர் மேலேறிய மறுகணமே கீழ்ப்படிகள் அனைத்தும் மக்களுடையவை. யானைகளின் பெயரில் இருந்த வில்லைகளை ஊராருக்கு நானே கொடுத்துவிட்டேன். யானைகள் மனம் கோணவில்லை. ஆட்டம் நடக்கையில் பந்து எங்கே என்று வேந்தரின் செவியில் தேவியார் சொல்லிவர வேண்டும். மணற்குடி உதைக்காத பந்தை உதைத்ததாகச் சொல்லாதிருக்கவும் பணிவோடு வேண்டுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. எம் அணி கலைந்தால் ஏறனை எளிதில் அழைத்துக்கொள்ளலாம் என்று தேவியாரின் ஆட்கள் இரண்டு முறை அவன் வீட்டுக்குக் கருவாட்டுக் கூடையோடு வந்துபோனதை அடியேன் அறிவேன். கருவாடு நன்றாக இருந்தது. எனக்கும் பங்கு வந்தது. ஆயினும் தேவியார் எண்ணிப்பார்க்க வேண்டும். எதிரணி இல்லாத ஊரில் ஏறனை வைத்துக்கொண்டு யாரோடு ஆடுவது? வாசல் வரவில் பாதி மணற்குடிக்கு என்பது பழைய உடன்படிக்கை. காக்கைகள் தரும் வரவில் பாதி எவ்வளவு? இவ்வோலை கண்ட பொழுதே வருகையை உறுதிசெய்து அருள்க. ஞாயிறும் திங்களும் தேவியாரின் துறைகளைக் காத்து நிற்க.

பின்னெழுத்து. நாட்டெல்லை கடக்கும் எந்த ஓலையும் வேந்தரின் கணையாழி பதியாமல் போகலாகாது. பேரமைச்சர் நீட்டும் ஓலைகளில் வேந்தர் வாசிக்காமலே கணையாழி பதிப்பதைப் பலகாலம் கண்டிருக்கிறேன். அதை நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன். இதை நானே நீட்டியபோது யாருக்கு என்று வேந்தர் கேட்டார், தேவியாருக்கு என்றேன். உடனே வாங்கி மூக்கருகே பிடித்தார். அண்மைப் பார்வையில் வேந்தருக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அடியேன் எண்ணிப் பார்க்காமல் போனேன். முதலிலிருந்து முடிவுவரை வாசித்தார். அது ஆடா என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். பிறகு என் எழுத்தாணியை வாங்கிக்கொண்டார். கீழே உள்ளவை அவர் கையெழுத்து. குதிரைக்காரன் வாசலில் நிற்கிறான், அரக்கு உருகுகிறது.

அக்கா, வா. மண்டபத்தில் இருப்போம். பந்து எங்கே என்று மெல்லச் சொல், பேரமைச்சருக்குக் கேட்க வேண்டாம். ஏறனைக் கேட்காதே, அவன் எங்கள் ஊர்ப் பிள்ளை. அணி இருக்கும். உப்பளத்துக்கு ஆள் வேண்டுமென்றால் பேரமைச்சரை அனுப்புகிறேன். இது கடம்பவேள் ஆணை. அரக்கு வைத்து அனுப்புக.