தாங்கும் என்று சொன்ன வண்டி

திருவொற்றியூர்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜஸீமாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே அம்மா சுகம், முட்டிவலிதான் விட்டபாடில்லை. நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மளிகைக்கடை சுயம்பு அண்ணாச்சியின் சம்சாரம் ஞானபாக்கியம் செவ்வாய்க்கிழமை தவறிவிட்டதை அம்மா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். எதனால் என்று அவளுக்கே தெரியாது. போனில் எனக்கு நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வாரம் இரண்டு தடவை அந்தம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் பழைய கார் சூடேறுகிறது என்று அண்ணாச்சி போன மாதம் நம் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். தொட்டுப் பார்த்தேன், ரேடியேட்டரின் மேல் ஓஸ் குழாய் கொதிக்கிறது, கீழ் ஓஸ் ஆறிக் கிடக்கிறது, அடைப்புதான். நம் பக்கம் லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைப்பது சோற்றுக்கும் குடிக்கவும்தான், அதை வண்டிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும், அவரும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார், உள்ளே உப்பு பாறையாய்ப் பிடித்திருந்தது. இன்னா அண்ணாச்சி, எஞ்சினுக்கு உப்புக்கண்டம் போட்டுகினு கீறியா என்று நாலு பேர் முன்னால் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன், எல்லாரும் சிரித்தார்கள். அடைப்பெடுத்து, இனி சூடே ஏறாது, நான் கேரண்டி என்று பீற்றிக்கொண்டு அனுப்பினேன். பத்தே நாளில் திரும்ப வந்தார். மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் தண்ணீரில் குமிழி குமிழியாய் வருகிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இனி ஓட்டவே கூடாத வண்டி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது ஜஸீமா. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. ஆனால் அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள் அங்கேயே நின்றார்கள், நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போய்வரத் தாங்குமா பாய் என்று கேட்டார். "தாங்கும் அண்ணாச்சி, பயப்படாம இட்டுகினு போ" என்றேன்.

டோல்கேட்டுக்கு முன்னால், கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. அந்தம்மாவுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் உள்ளே புகுந்து வருவதற்குள் அண்ணாச்சி மடியிலேயே உயிர் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீயளே பாய், உப்புத்தண்ணிய ஊத்தி நாந்தான் அவளக் கொன்னுட்டேன்" என்று அழுதார். அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதில்லையாம், கடையும் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட இரண்டு தடவை அவர் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மாப்பிள்ளை வண்டியில் சூடு முள் ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல். வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக. இது உன் கைக்கு வர எட்டு நாளாவது ஆகும், வந்த உடனே அண்ணாச்சிக்குப் போன் செய். அதற்குள் நான் சொல்லியிருக்காவிட்டால் இதை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டு. என் வாயை இனி நம்புவதற்கில்லை.

துஆவுடன்,
உன் அத்தா
சௌக்கத் அலி