வெள்ளத்தில் இறங்குமுன் கேட்டவனுக்கு

என் செல்ல அண்ணா,

நாளைக் காலை அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை. வலது காலில் இரண்டு விரல்களை எடுக்கப் போகிறார்கள். முதலில் உனக்குத்தான் சொல்ல நினைத்தேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும், ஏதும் நடந்தால் என் கை தானாக உன் போன் இலக்கத்தைத்தான் தேடுகிறது.

சீனி வருத்தம்தான், அந்த நீரிழிவுதான் காரணம். சந்தையில் மீன் முள் குத்திய புண் ஆறாமல் கறுத்துவிட்டது. "இப்ப விரலை எடுத்தாக் கால் தப்பும்" என்றார் டொக்டர். அம்மா வீட்டுக்கு வந்து வசனப் பெட்டியைத் திறந்தார். புதுவருடத்தன்று ஆளுக்கொரு வேதவசன அட்டை எடுப்போமே, அதே பெட்டி. நீ போன பிறகு அம்மா எல்லாவற்றுக்கும் அதில்தான் எடுக்கிறார். தலைவலி மாத்திரை போடுவதற்குக்கூட.

அன்று வந்த அட்டையில், கர்த்தர் உன் காலைக் காப்பார் என்ற கருத்தில் ஒரு வசனம்.

"பாத்தியா? அவரே சொல்லிட்டார். மறுகா என்னத்துக்கு வெட்டுற?"

ஜெபக்கூட்டத்துப் பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், கத்தியை நம்புவது அவிசுவாசம் என்றார். "அப்ப நீங்க ஏன் ஐயா கண்ணாடி போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். அம்மா கையை ஓங்கிவிட்டார். எனக்குக் கோபம் அடங்கவேயில்லை அண்ணா. விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்க இவர்களுக்கு எப்போதும் ஏழையின் கால்தான் கிடைக்கிறதா? நீ இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாய். பிறகு வெளியே போய்ச் சிரித்திருப்பாய்.

எனக்கும் ஒரு கெட்ட யோசனை வந்தது. இடறச் செய்கிற காலை வெட்டிப்போடு என்றும் வேதத்தில் இருக்கிறதே. அதை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் நுழைத்துவிட்டால்? எழுதியும் விட்டேன். ஆனால் அந்தப் பிரசங்கியார் கைவைத்ததும் அம்மாவின் பயத்தில்தான், நான் கைவைக்கப் பார்ப்பதும் அதே பயத்தில்தான். அட்டையை அடுப்பில் போட்டேன்.

அப்போதுதான் கிட்டங்கிப் பாலம் நினைவுக்கு வந்தது. அன்று மழைக்குத் தண்ணீர் ரோட்டை மூடிக் கிடந்தது. நீ ஆட்டோவை நிறுத்தி, கண்ணை மூடி ஜெபித்தாய். பிறகு ஆழம் கேட்க, அக்கரையிலிருந்து வருகிறவருக்காகக் காத்து நின்றாய். பின்னால் இருந்த அம்மாவுக்கு எரிச்சல்.

"ஜெபிச்சிட்டாய்தானே? மறுகா என்னத்துக்கு ஆக்களக் கேக்கிற? நம்பிக்கை இல்லையா?"

"கேட்டதுக்குப் பதில் வரவேணாமாம்மா? அந்தா வாறார் பதில், சைக்கிள்ல."

அட்டையை எரித்த மறுநாள் உன் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். உன் கூட்டாளி றியாஸ் நானா நின்றார். சீனி வருத்தத்தில் விரல் எடுத்தவர்கள் யாரையும் தெரியுமா என்று கேட்டேன்.

"எங்கட உம்மாவ மறந்திட்டயா தங்கச்சி?"

அன்று பின்னேரமே சாய்ந்தமருதிலிருந்து உம்மாவை ஏற்றிவந்தார். அவர் கதிரையில் இருந்து, செருப்பைக் கழற்றிக் காலை அம்மாவின் முன் நீட்டினார்.

"நானும் ஓதின தண்ணியக் குடிச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள கிடந்தன் புள்ள. ஒரு விரலோட போயிருக்கும், மூணு போயிட்டுது. அல்லாஹ் என்னக் கைவிடல்ல. நான்தான் டொக்டருக்கிட்டப் போகல்ல."

அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெடித்து அழுதார்.

"ஆண்டவர் என்ட புள்ளைய ஒரு சொல்லும் சொல்லாமக் கொண்டுபோனார் ராத்தா. அதுதான் ஒவ்வொண்டுக்கும் அவர்ட வாயப் பாத்துக்கிட்டிருக்கன்."

உம்மா அம்மாவின் தலையைத் தடவிவிட்டு எழும்பி, ஊன்றுகோல் இல்லாமல் குசினிக்கு நடந்தார். "தேத்தண்ணிக்குச் சீனி எங்க புள்ள?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சீனியா? ஏன் ராத்தா, மிச்சக் காலையும் குடுக்கவா?"

நீ போன பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

ஆனால் உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பாதையைப் பற்றி எல்லாரையும் கேட்டாயே, உன் நெஞ்சு வலியைப் பற்றி ஏன் ஒருவரையும் கேட்கவில்லை? வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவன் எழும்பவேயில்லையே. ஆண்டவர் சொல்லாமல் கொண்டுபோனாரா, இல்லை சொல்லியும் நீ கேட்கவில்லையா? எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் இதைக் கேட்கவும் மாட்டேன்.

இப்போது வார்டில் அம்மா தூங்குகிறார். அந்தக் கால் வசன அட்டை தலையணைக்கடியில் இருக்கிறது. அதைக் கண்டு நான் முறைத்தபோது, "அது பொய் எண்டு ஆர் சொன்ன? காப்பார்தான். டொக்டர்ட கையால காப்பார், பேசாமப் போ" என்றார்.

நாளை அந்தக் கதவுக்கு வெளியே நின்று ஜெபிப்பேன் அண்ணா. கோபத்தோடுதான் வரும், பரவாயில்லை, அவர் தாங்குவார். பிறகு கதவு திறந்து எதிரே யார் வந்தாலும், தாதியோ, துப்புரவு செய்கிறவரோ, மறித்துக் கேட்பேன். என் நெஞ்சு வலித்தாலும் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் சண்டைக்காரத் தங்கச்சி,
மெர்சி