புல்வெட்டு வண்டிக்கு ஆயுத பூஜை

அம்மாவுக்கு மாதேசன் எழுதறது. மைசூர்ல நான் சௌரியமா இருக்கறேன். உங்க மூட்டுவலி தேவலைங்களா? போன்ல சொன்னா அழுவீங்கன்னுதான் எழுதறேன், பயப்படாதீங்க.

ரிசார்ட்ல நான் உக்காந்து ஓட்டற புல்வெட்டு வண்டி பழசு. சீட்டை விட்டு எந்திரிச்சா நின்னுடும், மறுபடி கிளம்பாது. அதனால இறங்கறப்ப, ஆள் உக்காந்திருக்கற மாதிரி சீட்டுல மணல் மூட்டையை வெக்கச் சொன்னதே ஓனர்தான். போன மாசம் அப்படி இறங்கி, வண்டிக்கு அடியில சிக்கின தென்னமட்டையை இழுத்தேன். கால் வழுக்கி பிளேடுக்கு அடியில போயிடுச்சு. ரெண்டு விரல் போச்சு, அவ்வளவுதான். ஓனர் ஓடி வந்து பிளேடைத்தான் முதல்ல பார்த்தார். "பன்னெண்டு வருஷமா இந்த வண்டி ரிப்பேராகி ஒரு நாளும் நின்னதில்லை"ன்னு இப்பவும் வர்றவங்ககிட்டப் பெருமை பேசறார்.

நேத்து ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை போட்டு என்னையே கற்பூரம் காட்டச் சொன்னார். திருஷ்டிக்கு உடைக்கப் பூசணிக்காயைத் தூக்கினேன். "அது எதுக்கு? இந்த வருஷத்துப் பலியை இவனே கொடுத்துட்டானே"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

காலுக்குக் கட்ட உங்க பழைய நூல் சேலை ஒண்ணு அனுப்புங்க. துவைக்க வேண்டாம், கட்டினது அப்படியே இருக்கட்டும்.

கூப்பிடறாங்கம்மா. வண்டி ஓடிட்டே இருக்கு, சீட்டுல மூட்டைதான் உக்காந்திருக்கு.

உங்க மகன்
மாதேசன்