முதல் சுற்றில் பதினேழாம் எண்

மார்ச் 15, வெள்ளி

இன்று பதினொரு வயதுப் பெண் ஒருத்தியிடம் போய், "நாளைக்குக் கொஞ்சம் மோசமா ஆடும்மா" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நேரில் சொன்னபோது இவ்வளவு அசிங்கமாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். மேப்பிள் தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கும் வில்ஹைட் வீட்டுக்கு எங்கள் கடையிலிருந்து மெத்தை இறக்கப் போனோம். அம்மாவும் பெண்ணும் மட்டும். அம்மா பெயர் கொரின், முதியோர் இல்லத்தில் நர்ஸ். பெண் டெஸ்ஸா, கார் கொட்டகைச் சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். பந்து பட்டுப் பட்டு, சுவரில் ஒரே ஒரு செங்கல் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. குடிவந்து ஒன்பது நாள்தான் ஆகிறது! மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மறுமுனையைத் தூக்கியிருந்த நோரீன், "கஸ், நடக்கிறியா, இல்ல இங்கேயே விரிச்சுப் படுத்துக்கலாமா?" என்றாள். முப்பது வருட மனைவி. அவளுக்கும் முதுகு இருக்கிறது.

நாளை எங்கள் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் சங்கத்தின் தேர்வு. பிள்ளைகள் முதுகில் எண் கட்டிக்கொண்டு எறிவார்கள், பிடிப்பார்கள், அடிப்பார்கள். பயிற்சியாளர்கள் ஆறு பேரும் மார்க் போடுவோம். திங்களன்று சுற்றுச் சுற்றாக ஆளுக்கொரு பெயர் எடுத்து அணி பிரிப்போம். போன வருடம் கடைசியில் வந்தவருக்கு முதல் முறை, ஜெயித்தவருக்குக் கடைசி முறை. நியாயமான விதி. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். போன வருடம் ஜெயித்தது நான்.

அதனால்தான் நோரீன் உள்ளே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணிடம் போனேன். "நாளைக்கு நாலஞ்சு பந்தைக் கோட்டை விட்டுடு. அப்பத்தான் எங்க அணிக்கு வருவே."

"ஓ" என்றாள். அவ்வளவுதான்.

என் மகன் பேஸ்பால் ஆடுவதை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. நான்தான் இன்னும் நிறுத்தவில்லை.

மார்ச் 16, சனி

என்ன நடிப்பு! பதினேழாம் எண். அடிக்கக் கொடுத்த ஐந்து பந்துக்கும் மட்டையைக் காற்றில்தான் வீசினாள். பிடிக்க வந்த பந்து ஒன்று தோளில் பட்டு உருண்டது. எறிந்த பந்து வேலி தாண்டிப் போய் யாருடைய சூப்பிலோ விழுந்ததாகக் கேள்வி. எங்கள் பக்கத்து வீட்டுப் பூனைகூட இதைவிட நன்றாகப் பிடிக்கும்.

வேட் கோஸ்லின் — அவனும் பயிற்சியாளன், டிராக்டர் விற்பவன், பேச்சிலும் டிராக்டர் — "அந்தப் பொண்ணு பந்துகிட்ட மன்னிப்புல்ல கேக்குது!" என்றான். எல்லாரும் சிரித்தோம். நான் சந்தேகம் வராமலிருக்கச் சிரித்தேன். தேவைக்கு மேல் கொஞ்சம் உரக்கவே.

சிரிக்காதவர் ஆர்லன் பீச்சம் மட்டும். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பத்தொன்பது வருடமாகப் பயிற்சியாளர். யாரும் சீண்டாத பிள்ளைகளாகப் பார்த்து எடுப்பார். கடைசி இடத்துக்குப் பட்டாவே வாங்கி வைத்திருக்கிறார்.

மார்ச் 18, திங்கள்

தீயணைப்பு நிலையத்து மாடியில் அணி பிரிப்பு. முதல் சுற்று, முதல் முறை, ஆர்லன்.

"பதினேழு" என்றார்.

அறையே சிரிப்பில் வெடித்தது. சங்கத் தலைவர் டாரல் ஸ்டைல்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆர்லன், எட்டாவது சுற்றுலயும் அது அங்கேயேதான் கிடக்கும்ய்யா" என்றார்.

"கிடக்கும்னு தெரியும்" என்றார் ஆர்லன். "கடைசி வரைக்கும் கிடந்தோம்னு நாளைக்கு அதுக்கும் தெரிஞ்சிடும்ல? போன தடவை ஒரு பையன் என்கிட்டயே கேட்டான், நான் எத்தனாவதுன்னு. அந்த விளையாட்டு இந்த வருஷம் வேண்டாம்."

எட்டாவது சுற்றில் எடுக்க நான் வைத்திருந்த பெயர். என் அட்டையில் மூன்று தடவை அடிக்கோடு போட்டு, அதை யாரும் பார்க்காதபடி காபிக் கோப்பையை மேலே வைத்திருந்தேன். இரக்கத்தால் ஒரு மனிதர் என்னை ஏமாற்றிவிட்டார்! அவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மார்ச் 19, செவ்வாய்

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் நோரீன். வயிறு சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 27, சனி

முதல் ஆட்டங்கள். டெஸ்ஸா எறிந்தாள். எதிரணியில் பத்துப் பேர் அடிக்காமலே வெளியேறினார்கள். ஆர்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். அதிசயம் பார்க்கும் முகம் அப்படித்தான் இருக்கும். பார்வையாளர் பெஞ்சில் இருந்தவர்கள் மட்டும் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

மே 11, சனி

ஆர்லன் அணி 9, டில்லரி மெத்தைகள் 1. அந்த ஒன்றும் பந்து பிடிக்க நின்ற அவர்கள் பையன் ஒருவன் தும்மியதால் வந்தது. "மெத்தை டீம் தூங்குதுடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு தாய்க்குலம். சட்டையில் கடைப்பெயர் போட்டது என் யோசனைதான்.

பட்டியலில் இப்போது கடைசி இடம் என்னுடையது.

மே 14, செவ்வாய்

என் கடையில் எல்லாரும் படுத்துக்கொண்டுதான் வம்பு பேசுவார்கள். வேட் இன்று பூட்ஸோடு ஒரு புது மெத்தையில் சாய்ந்து, "அவன் திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்கான் கஸ்" என்றான்.

"யாரு?"

"ஆர்லன்தான். அந்தத் தெருவுல பஸ் ஓட்டறான். பொண்ணு ஆடறதைப் பாத்திருப்பான். வேணும்னே சொதப்பச் சொல்லியிருக்கான். இல்லேன்னா முதல் சுற்றுல எவனாவது எடுப்பானா? புகார் எழுதிக் குடுத்துட்டேன்."

அதாவது, திட்டம் அப்படியே சரி. ஆள் மட்டும்தான் தப்பு.

நான் என்ன சொன்னேன்? "காலை எடுய்யா, மெத்தை அழுக்காகுது" என்றேன். அதைத்தான் சொன்னேன். வேறு ஒன்றுமே சொல்லவில்லை.

மே 16, வியாழன்

விசாரணை. குழுவில் ஐந்து பேர். நான் துணைத் தலைவர். என் தலையெழுத்து, இந்தப் பதவியைத் தேர்தலில் நானே நின்று வாங்கினேன்.

டாரல் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு ஆட வரும்னு முன்னமே தெரியுமா?"

"தெரியாது" என்றார் ஆர்லன்.

"பின்னே ஏன் முதல்ல எடுத்தே?"

"அன்னிக்கே சொன்னேனே. நீங்க சிரிச்சீங்க."

யாருக்கும் அது நினைவில்லையாம். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. ஆர்லனை நீக்கும் வாக்கெடுப்பில் முதலில் இரண்டு கை உயர்ந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கை — நான் தூக்கினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு யார் வந்து தூக்கியிருப்பார்கள்? என் தோளிலிருந்துதான் கிளம்பியது.

மூன்றுக்கு இரண்டு. இந்த வருடம் ஆர்லனுக்கு அணி கிடையாது. அவர் பிள்ளைகளை உதவிப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். டெஸ்ஸா மட்டும் விதிப்படி, பட்டியலில் கடைசியில் இருக்கும் அணிக்கு.

எனக்கு.

மே 18, சனி

பயிற்சிக்கு வந்தாள். மெத்தைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்று, சொன்னபடி எறிந்தாள். "சபாஷ்" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்லன் எங்கே என்று மட்டும் கேட்டாள். ஓய்வு எடுக்கிறார் என்றேன். பொய் சொல்வதில் எனக்கு இந்த வருடம் நல்ல பயிற்சி. சங்கமே நடத்துகிறது.

மே 21, செவ்வாய்

கடைக்கு ஆர்லன் வந்தார். பொய்யில்லை, கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவதுபோல் ஒளிந்தேன். அவர் காத்திருந்தார். எத்தனை நேரம்தான் ஒரு மனிதன் பேனா தேடுவான்?

எழுந்தேன். "டெஸ்ஸா விஷயமா வந்தேன் கஸ்" என்றார். "நாப்பது பந்துக்கு மேல எறிஞ்சா அதுக்குத் தோள் வலிக்கும். வாயைத் திறந்து சொல்லாது. இடது காலைத் தேய்ச்சுக்கிட்டே நிக்கும். அதைப் பாத்தா உடனே மாத்திடு."

"சரி ஆர்லன்."

"அப்புறம், அடிச்சா பாராட்டாதே. விட்டா ஏதாவது சொல்லு. அதுக்கு அதுதான் பிடிக்கும்."

கதவு வரை போய்த் திரும்பினார். "நான் ஏமாத்தலை கஸ். நீயாவது நம்புறியா?"

நம்புகிறேன் என்றேன். ஊரிலேயே மிக உறுதியாக நம்புகிற ஆள் நான்தானே.

சாயந்திரம் நோரீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். உருளைக்கிழங்கு தோல் சீவுவதை நிறுத்தாமலே, "அன்னிக்கு மெத்தையைத் தூக்கிட்டு நான் நின்னது இதுக்குத்தானா?" என்றாள். கத்தியிருக்கலாம்.

மே 23, வியாழன்

சொல்லிவிட்டேன். குழுவை நானே கூட்டச் சொல்லி, எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு. டெஸ்ஸாவின் அம்மா கொரின் வேலைக்குப் போயிருந்தாள். பெண்ணை அழைத்து விசாரிக்கலாமா என்று டாரல் கேட்டபோது நான்தான் பெருந்தன்மையாகத் தடுத்தேன். "குழந்தை என்ன பண்ணும்? நான் சொதப்பச் சொன்னேன், சொதப்பிச்சு. பெரியவங்க சொன்னதைக் கேட்டுது. எல்லாப் பழியும் என் தலையில போடுங்க."

அந்த இடத்தில் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அதை நான் தடுக்கவில்லை.

ஆர்லனுக்கு அணி திரும்பக் கிடைத்தது. வேட் அவரிடம் கை நீட்டினான். ஆர்லன் குலுக்கினார். என் பக்கம் வரவில்லை. நான் இரண்டு வருடம் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. டெஸ்ஸா ஆர்லன் அணிக்கே திரும்புகிறாள். ஆனால் இரண்டு ஆட்டம் உட்கார வேண்டும், "பாடமா இருக்கட்டும்" என்றார் டாரல். வேண்டாம் என்று வாதாடினேன். நாலு வார்த்தை. பழியை ஏற்றுக்கொண்ட பேச்சுக்கு நாற்பது வார்த்தை செலவாகியிருந்தது.

வீட்டுக்கு வரும்போது லேசாக இருந்தது. தியாகி மாதிரி. இதையும் எழுதி வைக்கிறேன், அப்புறம் மறுக்க முடியாமலிருக்க.

மே 25, சனி

மைதான வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். தெருவில் நிற்கத் தடையில்லை. ஆர்லன் அணி தோற்றுக்கொண்டிருந்தது. மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் டெஸ்ஸா. தின்பண்டக் கூண்டுக்குப் போகிற வழியில் இரண்டு பையன்கள் அவளைப் பார்த்து, "ஏய் நடிகை, இன்னொரு தடவை விழுந்து காட்டேன்!" என்றார்கள். ஆர்லன் அவர்களை விரட்டினார். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் வேலியருகே வந்தாள். வண்டியின் ஜன்னலை இறக்கினேன்.

"மிஸ்டர் டில்லரி, நான் வேணும்னே சொதப்புனேன்னு ஏன் சொன்னீங்க?"

"உன்மேல தப்பில்லைன்னுதான் சொன்னேம்மா. நான் சொன்னதைத்தானே நீ செஞ்சே."

"நான் செய்யல." கோபம்கூட இல்லை. கணக்குப் பாடத்தில் விடை திருத்துகிற குரல். "நீங்க சொன்னதை அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேன். அந்த ஆளு பேச்சைக் கேக்காதே, நல்லா ஆடுன்னாங்க. நல்லாத்தான் ஆடப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு—"

அவள் மூக்குக் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டாள். முதல் நாள் கொட்டகைச் சுவரில் எறிந்தபோதும் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் அவள் கையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"அன்னிக்கு வர்ற வழியில கார்ல இது மேலயே உக்காந்து உடைச்சுட்டேன்" என்றாள். "பந்தே தெரியல."