லாயோஷுக்கு முதல் பந்தி

ஃப்ரீமான்ட்,
12.4.1998

சிரஞ்சீவி தம்பி ஜம்புநாதனுக்கு அக்கா ஸ்வர்ணா எழுதிக்கொண்டது.

இங்கே செழியன், மருமகள், பேத்தி வெண்பா எல்லாரும் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை விழுங்காமல் துப்புகிறாயாம், உன் பெண்டாட்டி விசாலாக்ஷிதான் போனில் சொன்னாள். இந்த வயசிலும் திருட்டுத்தனம்.

வெண்பாவுக்கு வயலின் சொல்லித்தர லாயோஷ் என்று ஒருத்தர் வருகிறார். ஹங்கேரி தேசம், ரோமா ஜனம், ஜிப்ஸி என்பார்களே, அவர்கள். பரம்பரையாக வாசித்துப் பிழைத்தவர்கள். போன ஞாயிறு வெண்பாவின் பிறந்தநாளுக்கு வந்து வாசித்தார் பார், அச்சு அசல் சிம்மேந்திரமத்திம ராகம்! அப்பா நாகஸ்வரத்தில் இழைப்பாரே, அந்த இழைப்பு. நான் ஸ்வரம் பாடிக் காட்டினேன். மனுஷன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் செழியன் என்ன பண்ணினான் தெரியுமா? வந்தவர்களை எல்லாம் டேபிளில் உட்காரவைத்துவிட்டு, இவருக்கு மட்டும் ஃபாயில் தட்டில் கட்டிக்கொடுத்து வாசல்வரை கொண்டுபோய்விட்டான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 1949-ல் பண்ணையார் வீட்டுக் கல்யாணம். நாலு மணிவரை வாசித்த அப்பாவுக்குக் கொல்லைப்புறத்தில் கடைசிப் பந்தி. ரசம் வெறும் தண்ணி. நீயும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ அழுதாய்.

டேய், நீ மேளக்காரர் பேரன்டா என்று எல்லார் எதிரிலும் கத்திவிட்டேன். அவருக்கு அடுத்து வேற வீட்டுல கிளாஸ் இருக்கும்னு நினைச்சேம்மா என்று முனகினான். லாயோஷைத் திரும்பக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்து நானே பரிமாறினேன்.

அவர் சொன்னதைச் செழியனையே தமிழில் சொல்லவைத்தேன். இவர் பாட்டனார் கல்யாணத்திலும் சாராயக்கடையிலும் வாசித்தவராம். அந்த ஜனங்கள் வாசித்ததைக் கேட்டுத்தான் ஐரோப்பாவின் பெரிய சங்கீதக்காரர்கள் அதே மாதிரி எழுதினார்களாம். புஸ்தகத்தில் இருப்பது எழுதினவர் பெயர். வாசித்தவனுக்கு ஊருக்குள் இடம்கூட இல்லையாம்.

மே மாசம் பள்ளிக்கூடக் கச்சேரியில் வெண்பா அந்த மாதிரி ஓர் உருப்படி தனியாக வாசிக்கிறாள். அச்சடிக்கிற நிகழ்ச்சித் தாளில் லாயோஷின் பாட்டனார் படத்தைப் போடுகிறார்கள். இவளோ, பாட்டி, ஐ வாண்ட் மைன் டூ என்கிறாள். கொள்ளுத்தாத்தா படம் வேண்டுமாம். அவளுக்கு முதல் ஸ்வரம் நான்தானே சொல்லிக்கொடுத்தேன்!

அப்பா நாகஸ்வரத்தோடு நிற்கிற ஒரே படம் உன்னிடம் இருக்கிறது. டிரங்குப் பெட்டியில், வேட்டிக்கு அடியில். உன் மகள் கல்யாணத்தில் சம்பந்தி கேட்டபோது, அப்பா ரெவின்யூ ஆபீஸில் இருந்தார் என்று சொன்னாய். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பத்து வருஷமாக அது உறுத்துகிறது.

குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, அதற்கும்தான். ஆனால் நன்னிலம் வெங்கடாசலம், நாகஸ்வரம் என்று அப்பா பெயரை நானூறு பேர் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள், ஜம்பு. முன்வரிசையில் நான் இருப்பேன்.

படத்தை ஏர் மெயிலில் உடனே அனுப்பு. பின்பக்கம் ஒரு வரி எழுது. பெயரை நான் எழுதிக்கொள்கிறேன். அவர் உனக்கு என்ன உறவு என்பதை மட்டும் நீ உன் கையால் எழுதப்பா.

நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

உன் அக்கா,
ஸ்வர்ணா