கடுகு சூப் எப்படி இருந்தது என்றால்

நம் பெண் அனுப்பிய பார்சல் இன்று மத்தியானம் வந்தது. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, அதில் ஒன்றுக்குள் சுருட்டிச் செருகிய சின்னக் கண்ணாடி ஜாடி. க்ரோனிங்கன் ஊர்க் கடுகு விழுது. மூடியைத் திருகினேன், அவ்வளவுதான். காரம் மூக்கில் ஏறி, கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. அடுப்படியில் நின்றபடியே கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கடுகால் வந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நம்பவேண்டாம்.

ஜன்னலுக்கு வெளியே நம் அமெரிக்க ஊர் பிளெய்ன்ஸ்பரோ மூட்டத்தில் கிடக்கிறது. நம் அப்பார்ட்மெண்ட் குளத்தில் அந்தப் பொல்லாத வாத்துகள் மட்டும் தெரிகின்றன, கரை தெரியவில்லை. கரை இல்லாததால் குளம் எங்கேயோ நீண்டு போகிறது. இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தால் அது கால்வாயாகிவிடும். ஓரத்தில் சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும். நீ சிவப்பு மழைக்கோட்டோடு எனக்கு நான்கு அடி முன்னால், எந்தக் கடையில் கூட்டம் என்று பார்த்தபடி போய்க்கொண்டிருப்பாய். நீ என்றைக்கும் எனக்கு முன்னால்தான் நடந்தாய். பசித்தவர்கள் வேகமாக நடப்பார்கள் என்பாய்.

மேல்படிப்புக்கு நெதர்லாந்து போகிறேன் என்று நம் பெண் சொன்னபோது நான் ஆம்ஸ்டர்டாம் என்று நினைத்துக்கொண்டேன். க்ரோனிங்கன், அதற்கும் வடக்கே, ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டும் என்றாள், வழக்கம்போல ஆங்கிலத்தில். அவளைக் கொண்டுபோய் விட நாம் இருவரும் கிளம்பினோம். நான் என்ன கட்டினேன் என்பது உனக்கு மறந்திருக்காது. ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அப்பளம். நாலு நாள் பயணத்துக்கு நாற்பது நாள் தாங்குகிற சாமான். ஹோட்டல் அறையில் அரிசி வடித்து மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவதாக என் திட்டம். நீ அந்தப் பெட்டியைப் பூட்டி, சாவியை உன் கைப்பையில் போட்டுக்கொண்டாய்.

நீ நாகப்பட்டினம், மீன் வாசனையில் வளர்ந்தவள். நான் மாயவரம், ரசம் சாதத்தைத் தாண்டாதவன். ஆனால் உனக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் மீன் அல்ல. நீ எதைச் சாப்பிட்டாலும் அதைச் சொல்லிப் பார்ப்பாய். நான் எதைச் சாப்பிட்டாலும் "நல்லா இருக்கு" என்பேன். கல்யாணமான முதல் மாதத்தில் நீ ஒரே குழம்பை வெவ்வேறு விதமாக வைத்துக் கொடுத்துச் சோதித்துப் பார்த்ததாகப் பிற்பாடுதான் சொன்னாய். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்ததாம்.

அந்த ஊரில் தேவாலயக் கோபுரத்தடியில் பெரிய சதுக்கம், அதை ஒட்டி மீன்சந்தை என்று பெயர் கொண்ட இன்னொரு சதுக்கம். சந்தை கூடிய நாளில் பச்சையாக உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீனைப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு வாங்கி, வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து தின்றாய். நான் பத்தடி தள்ளி நின்று பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லையே நீ. கிட்டே வந்து, வெண்ணெய் மாதிரி கரைகிறது, உப்பு இருக்கிறது ஆனால் கருவாட்டு உப்பு இல்லை, கடல் ஓரத்தில் நின்றால் உதட்டில் படியுமே அந்த உப்பு என்று சொல்லி முடித்த பிறகுதான் வாயைத் துடைத்தாய். ஒரு காலத்தில் இவர்கள் எங்கள் ஊருக்குக் கப்பலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் மீனை என்ன செய்து தின்றார்களோ என்று சிரித்தாய்.

பிறகு அந்தச் சுவர். தெருவோரம் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சூடாக ஒரு பலகாரம். அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து ஒரு முட்டை உருண்டையை எடுத்தாய். அந்த ஊருக்கே உரியதாம், தெற்கே போனால் கிடைக்காதாம். வெளியே ரஸ்க் தூள் மொறுமொறு, உள்ளே சுடச்சுடக் கூழாக மசாலா, அதற்குள் முழு முட்டை. நம் முட்டை போண்டாவை யாரோ கனவில் பார்த்துவிட்டு எழுந்து செய்த மாதிரி இருக்கிறது என்றாய். நான் திரும்பவும் பூக்கடையைத் தேடினேன்.

கடுகு சூப்பும், போஃபெர்ட் என்கிற திராட்சை ரொட்டியும் அந்தத் தடவை விட்டுப்போயின. கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ரயில் ஜன்னலில் பசுமையான தட்டை நிலம், மாடுகள், வாய்க்கால்கள், மறுபடி மாடுகள். அடுத்த முறை என்று நீ கண்ணாடியில் விரலால் தட்டிச் சொன்னாய், நிலத்திடம் சொல்வதுபோல.

அடுத்த முறை வருவதற்குள் உன் தொண்டையில் அது வந்துவிட்டது. கதிர்வீச்சு முடிந்தபோது உன் குரல் இருந்தது, ருசி போய்விட்டது. எச்சிலும் வற்றிப்போனது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் நீ பக்கத்து அறைக்குக்கூடப் போகமாட்டாய். சாம்பார், பீட்சா, ஐஸ்கிரீம் எல்லாம் ஒன்றுதான், ஈரமான அட்டை என்றாய். சில பேருக்குத் திரும்பி வரும் என்றார்கள். உனக்கு வரவில்லை. தொண்டையில் அது மறுபடி தலைதூக்கியதும் டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்து, இனிமேல் வைத்தியம் வலிக்குத்தான் என்று மெதுவாகச் சொன்னார். நீ கேட்ட ஒரே கேள்வி, நம் பெண்ணின் பட்டமளிப்புக்குப் பறக்கலாமா என்பது. அவர் யோசித்து, போகலாம் என்றார். காரில் திரும்பும்போது நீ ஏதோ வெற்றி பெற்றவள்போல இருந்தாய். எனக்கு ரோடு தெரியவில்லை.

இந்தத் தடவை ரைஸ் குக்கர் இல்லை. விமானத்திலேயே எனக்கு உத்தரவு வந்துவிட்டது. விட்டுப்போன அத்தனையும் நான் சாப்பிடவேண்டும், சாப்பிட்டு உனக்குச் சொல்லவேண்டும். ஹெர்ரிங்குமா என்று நான் பயந்து கேட்டபோது, அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை விடுங்கள் என்று என்னை மன்னித்துவிட்டாய்.

முதல் நாள் ஒரு பேக்கரியில் அந்த ஊர் கேக். கறுப்பாகச் செங்கல்போல, பட்டை கிராம்பு வாசனையோடு, மேலே வெண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். தின்றேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நல்லா இருக்கு," என்றேன்.

"நல்லா இருக்குன்னு கடைக்காரரே சொல்லுவாரு. அதுக்கு நீங்க எதுக்கு?"

மறுநாள் போஃபெர்ட். அது நகரத்தில் சுலபமாக அகப்படவில்லை. நம் பெண் விசாரித்து, ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டுக் காபிக் கடைக்கு பஸ்ஸில் அழைத்துப்போனாள். மாவை மூடிபோட்ட டின்னில் ஊற்றி, டின்னை வெந்நீரில் வைத்து வேகவைக்கிறார்கள். துண்டு போட்டு வெண்ணெயும் வெல்லப்பாகு மாதிரி ஒரு பாகும் விட்டுத் தருகிறார்கள். நான் இந்த முறை தயாராக இருந்தேன். உள்ளே ஈரமாக இருக்கிறது, கொஞ்சம் டென்ஸ், திராட்சை எல்லாப் பக்கமும் ஈவனாக இருக்கிறது என்றேன். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கொடுக்கிறீர்களா என்று கேட்டாய். நம் பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்திருந்தாய். வெளியே வயல்மேல் மூட்டம் இறங்கி, மாடுகளின் முதுகு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

"எனக்கு வாய் போச்சு. இப்ப உங்க வாய்தான் இருக்கு," என்றாய், கண்ணைத் திறக்காமலே. "அதையும் மூடி வெச்சுக்கிட்டீங்கன்னா நான் எதைச் சாப்பிடறது?"

எனக்கு உன்மேல் கோபம் வந்தது என்பதை இப்போது சொல்கிறேன். இத்தனை வருஷம் நீ செய்த வேலையை, நாலு நாளில் என்னால் எப்படிச் செய்யமுடியும்? ஆனால் நமக்கு இருந்தது அந்த நாலு நாள்தான். அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

கடுகு சூப் கடைசி நாள், சதுக்கத்து ஓட்டல் ஒன்றில். வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகள் மிதக்குமாம், அது வேண்டாம் என்று நம் பெண் சொல்லி வாங்கித் தந்தாள். வெள்ளைக் கிண்ணத்தில் மங்கலான மஞ்சளாக வந்தது, அங்கங்கே கடுகு கறுப்பாக. ஆவி உன் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. நீ துடைக்கவில்லை. கண் தெரியாத அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருந்தாய். நான் ஒரு ஸ்பூன் வாயில் விட்டேன். பிறகு இன்னொன்று. இது எனக்குத் தெரிந்த ருசி, எங்கேயோ இருந்த ருசி. எங்கே என்று தேடிக்கொண்டே மூன்றாவது ஸ்பூனையும் விழுங்கியபோது அகப்பட்டுவிட்டது.

"தயிர்சாதத்துல மாவடுத் தண்ணி விட்டுப்பியே," என்றேன். "அந்தத் தண்ணிக்கு அடியில அரைச்ச கடுகு தங்கியிருக்கும்ல, அது. ஆனா சூடா. முதல்ல வெறும் வெண்ணெயாட்டம் போகுது, காரமே இல்ல. உள்ள போனப்புறம் பின்னாடியிலேர்ந்து மூக்குக்கு ஏறுது. உப்பு இருக்கு, புளிப்பு கொஞ்சம்தான். மாங்காய் மட்டும் இல்ல. மாங்காய் எங்கன்னு நாக்கு தேடுது."

நீ கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாய். வலிக்கிறதோ என்று நான் பயந்து எழுந்துவிட்டேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னாய். உன் தாடை மெல்ல அசைந்தது. ஒரு முறை விழுங்கினாய். பாட்டிலைத் தொடாமல் விழுங்கினாய்.

"ஊறுதுங்க," என்றாய். "வாய் ஊறுது."

நம் பெண் முகத்தைச் சதுக்கத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீ என் ஸ்பூனை வாங்கி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாய். ஒன்றும் தெரியவில்லை, சூடு மட்டும் தெரிகிறது என்றாய். ஆனால் முகம் வாடவில்லை. கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, சொல்லிக்கொண்டே சாப்பிடுங்கள் என்றாய். அப்படியே சாப்பிட்டேன். கோபுரத்து மணி அடித்தது, வெளியே தூறியது, யாரும் நம்மைக் கிளம்பச் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அந்தக் கிண்ணம் தீரவே இல்லை என்று தோன்றுகிறது. நான் இன்னும் அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

ஊர் திரும்பிய பிறகு எனக்கு வாய் திறந்துகொண்டது. பக்கத்து ஊர் எடிசன் கடையில் வந்த முதல் மாம்பழத்தைச் சொன்னேன். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் இருக்கும் டைனரின் பான்கேக்கைச் சொன்னேன். தீபாவளி பாட்லக்கில் ஒவ்வொருவர் கொண்டுவந்ததையும் எடுத்து உன் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வயசில் இவர்களுக்கு என்ன ரகசியம் என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கேலி செய்தார். அவருடைய வத்தக்குழம்பில் வெல்லம் ஒரு கட்டி ஜாஸ்தி என்று நான் அப்போதுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். சில நாள் வாய் ஊறியது, பல நாள் ஊறவில்லை. ஊறாத நாளிலும் நீ கேட்டாய்.

கடைசியில் கூடத்தில் ஜன்னலோரம் உனக்குக் கட்டில் போட்டார்கள். விழுங்குவதும் நின்றுபோனது. நர்ஸ் பஞ்சை நனைத்து உன் உதட்டில் ஒற்றிக் காட்டிக்கொடுத்தாள், பிறகு நானே ஒற்றினேன். ஒரு சாயங்காலம், வெயில் உன் போர்வைமேல் கிடந்தபோது, என் கையில் இருந்த தம்ளரைப் பார்த்தாய்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்றாய்.

நான் ஒரு வாய் குடித்தேன்.

"ஜில்லுன்னு இருக்கு."

"அப்புறம்?"

மறுபடி குடித்தேன். தண்ணீரில் எதைச் சொல்வது? மாவடு இல்லை, வெண்ணெய் இல்லை, ஒப்பிட ஒன்றுமே இல்லை. வாயில் வைத்துக்கொண்டு தேடினேன். நிமிர்ந்தபோது நீ தூங்கியிருந்தாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை.

உன் சேலைகளை நம் பெண் எடுத்துக்கொண்டாள், மழைக்கோட்டை யாருக்கோ கொடுத்தோம். அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது. தினமும் காலையில் எழுந்து பல் தேய்த்ததும், காபிக்கு முன்னால், குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து நின்றபடி குடிக்கிறேன். இன்று காலை குழாய்த் தண்ணீர் பல்லில் கூசியது. நாக்கில் பட்டபோது லேசாக இரும்பு. நடுத்தொண்டையில் இரும்பு போய்விட்டது. அப்புறம் நெஞ்சு வரைக்கும் குளிர்ந்துகொண்டே இறங்கியது, எங்கே நின்றது என்று சரியாகத் தெரியவில்லை. நாளைக்கும் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.